கைக்குழியை இறக்காதீர்கள்: பழைய பாணி உடைக்குப் பேட்டர்ன் வரைபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம், புதிதாகப் பேட்டர்ன் (துணி வெட்டுவதற்கான காகித வரைபடம்) வரையக் கற்கும் ஒரு பெண் 1940-களின் பாணியில் தான் வரைந்த கவுனைக் காடாத் துணியில் மாதிரியாகத் தைத்துப் போட்டுக் காட்டினார். கை இன்னும் வைக்கவில்லை. "அக்குள்ல பிடிக்குது" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் கத்தரிக்கோலை எடுத்து, உடையில் கையைப் பொருத்தும் துளையான கைக்குழியை இரண்டு விரல் அகலத்துக்குக் கீழே வெட்டிவிட்டார். இந்த வருடத்தில் இப்படி வெட்டிய நான்காவது ஆள் அவர். நானும் ஒரு காலத்தில் இதையேதான் செய்தேன், அதுவும் நல்ல துணியில்.

துணியை நனைத்துக் காயவைத்து வெட்டுங்கள், அளவை இரண்டு தடவை பாருங்கள் என்பதையெல்லாம் யாரும் சொல்வார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

படத்திலிருந்து அளவு எடுப்பது

பழைய பேட்டர்ன் உறைகளில் இருக்கும் ஓவியங்கள் அழகானவை. அதனாலேயே பலர் பாக்கெட் இருக்கும் இடத்தையும் ஸ்கர்ட்டின் நீளத்தையும் அந்த ஓவியத்தின் விகிதத்தை வைத்தே கணக்குப் போடுகிறார்கள். நிஜ மனித உடம்பு ஏறக்குறைய ஏழரைத் தலை உயரம். ஃபேஷன் ஓவியத்தில் ஒன்பது தலை, சில சமயம் அதற்கும் மேல். கூடுதல் உயரம் பெரும்பாலும் கால்களுக்குப் போய்விடும். அந்த விகிதத்தில் வரைந்த ஸ்கர்ட், போட்டுப் பார்த்தால் ஆளைக் குட்டையாக்கிவிடும்.

ஓவியத்திலிருந்து தையல் கோடுகள் எங்கே ஓடுகின்றன என்பதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்து உடை ஒன்றைத் தரையில் விரித்து எடுத்த புகைப்படம் கிடைத்தால் ஓவியத்தைவிட அதை நம்பலாம். உட்புறத்தைத் திருப்பிக் காட்டும் படம் என்றால் இன்னும் நல்லது.

உள்ளாடையை முடிவு செய்யாமல் அளவெடுப்பது

1920-களின் தட்டையான உருவமும் 1950-களின் ஒடுங்கிய இடுப்பும் வெளியே தெரியும் துணியால் மட்டும் வந்தவை அல்ல. 1947-ல் பிரெஞ்சு ஆடை வடிவமைப்பாளர் கிறிஸ்டியான் டியோர் காட்டிய முதல் தொகுப்பில்கூட, அந்த இடுப்புக்கு அடியில் இறுக்கிப் பிடிக்கும் கட்டமைப்பு இருந்தது. நீங்கள் அப்படி எதுவும் அணியப்போவதில்லை என்றால் அதுவும் சரிதான். ஆனால் எதை அணிவீர்களோ அதைப் போட்டுக்கொண்டு அளவெடுங்கள். உள்ளாடை மாறினால் மார்பு உச்சி இரண்டு செ.மீ. ஏறும், இல்லை இறங்கும். டார்ட்டின் (துணியை உடம்பு வளைவுக்கேற்பக் குறுக்கும் முக்கோண மடிப்புத் தையல்) முனை அப்புறம் எங்கோ நிற்கும்.

கைக்குழியைக் கீழே இறக்குவது

என்னுடைய கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். கரும்பச்சை நிறக் கிரேப் துணி, தேடித் தேடி வாங்கியது. 1940-களின் பாணியில் பட்டையான தோள், முழுக்கை, இடுப்பில் பெல்ட். மேல்பகுதியைத் தைத்துப் போட்டுப் பார்த்தபோது அக்குளில் உரசியது. ஒரு செ.மீ. வெட்டினேன். இன்னும் உரசியது. மறுபடியும் வெட்டினேன். மொத்தம் மூன்று செ.மீ. போயிருக்கும். உரசல் நின்றது. கையையும் புதிய குழிக்குப் பொருந்தும்படி திருத்தி வைத்துத் தைத்து முடித்தேன். கண்ணாடி முன்னால் கையைத் தொங்கவிட்டு நின்றபோது எந்தக் குறையும் இல்லை. அலமாரியின் மேல்தட்டில் இருந்த ஒரு பெட்டியை எடுக்கக் கையைத் தூக்கினேன். பெல்ட் விலா எலும்புக்கு ஏறியது, கையின் முனை முழங்கையை நோக்கிப் போனது. கையை இறக்கிய பிறகும் பெல்ட் தன் இடத்துக்குத் திரும்பவில்லை. அந்த உடையை நான் மறுபடி போடவே இல்லை.

ஏன் இப்படி ஆகிறது? இடுப்பிலிருந்து பக்கத் தையல் வழியாக அக்குளுக்கு ஏறி, அங்கிருந்து கையின் அடித் தையல் வழியாக மணிக்கட்டுக்குப் போகும் ஒரு கோட்டை நினைத்துக்கொள்ளுங்கள். கை தொங்கும்போது அந்தக் கோடு அக்குளில் மடிந்து கிடக்கிறது. கையைத் தூக்கினால் அது நீண்டு நேராக வேண்டும். நீளம் போதாவிட்டால் துணி எங்கிருந்தாவது இழுத்துக்கொள்ளும்: ஒரு முனையில் மணிக்கட்டு, மறுமுனையில் இடுப்பு. கைக்குழியை 2.5 செ.மீ. இறக்கினால் பக்கத் தையலில் 2.5 செ.மீ. குறைகிறது. அதற்குப் பொருத்தமாகக் கையையும் இறக்கி வெட்டும்போது அடித் தையலிலும் 2.5 செ.மீ. போகிறது. ஆக மொத்தம் 5 செ.மீ. நீளத்தை, சரியாகக் கை அசைய வேண்டிய இடத்தில், நீங்களே வெட்டி எறிகிறீர்கள்.

கைக்குழி பெரிதானால் கை தாராளமாக அசையும் என்று மனது சொல்லும். நீளாத நெய்த துணியில், அதுவும் உடம்பை ஒட்டி நிற்கும் மேல்பகுதியில், நடப்பது நேர் எதிர். இது நம் கண்ணில் படாமல் போனதற்குக் காரணம் இருக்கிறது. டி-சர்ட் பின்னல் துணி, இழுத்தால் நீளும். 1958-ல் ஸ்பாண்டெக்ஸ் என்ற நீளும் இழை கண்டுபிடிக்கப்பட்டபின், நெய்த துணியிலும் அது கலந்து வரத் தொடங்கியது. நீளும் துணி, பேட்டர்னின் பிழையை மறைத்துவிடும். அப்படிப்பட்ட உடைகளிலேயே வளர்ந்த நாம், அக்குளுக்கு அருகே துணி இருந்தாலே தவறு என்று நினைக்கிறோம். பின்னாளில் 1940-களின் கவுன் ஒன்று என் கைக்கு வந்தது. என் பேட்டர்னை அதன் மேல் வைத்துப் பார்த்தேன். அதன் கைக்குழி என்னுடையதைவிட மூன்று செ.மீ. மேலே இருந்தது. அதைப் போட்டுக்கொண்டு கையைத் தூக்கினேன். இடுப்பு அசையவே இல்லை.

சரி, அக்குளில் பிடிக்கிறதே, அதற்கு என்ன செய்வது? முதலில், துணி தொடுவது வேறு, பிடிப்பது வேறு என்று பிரித்துப் பாருங்கள். தொட்டுக்கொண்டு இருந்தால் அப்படியே விடுங்கள், அங்கேதான் அது இருக்க வேண்டும். உண்மையிலேயே பிடித்தால், நான் பார்த்தவரை காரணம் பெரும்பாலும் கீழே இருப்பதில்லை.

மாதிரியில் தையலுக்கென்று விட்ட 1.5 செ.மீ. துணி கைக்குழியைச் சுற்றி அப்படியே நின்றுகொண்டிருக்கும். அதுதான் அக்குளில் குத்துகிறது. தையல் கோட்டைப் பென்சிலால் குறித்து, அந்தக் கோடு வரை விளிம்பில் சின்னச் சின்ன வெட்டுகள் கொடுத்து மடித்துவிடுங்கள். பாதிப் பேருக்குப் பிரச்சினை இங்கேயே தீர்ந்துவிடும். தீராவிட்டால், முன்பக்க வளைவைப் பாருங்கள். கை மார்போடு சேரும் மடிப்பில் உறுத்தினால், முன்பக்கத்தின் கீழ்ப் பாதியில் அரை செ.மீ. உள்ளே குடைந்து வரையுங்கள், அடிமட்டப் புள்ளியைத் தொடாமல். கையை முன்னால் நீட்டும்போது முதுகு இழுத்தால், குறைவது முதுகின் அகலம். அங்கே ஒரு செ.மீ. சேர்க்க வேண்டும்.

1940-களின் பாணிக்கு இன்னொரு காரணமும் உண்டு: தோள் பேட். பேட்டர்னை வெறும் தோளுக்கு வரைந்துவிட்டு உள்ளே பேட் வைத்தால், அதன் தடிமன் கைக்குழியின் உயரத்திலிருந்துதான் எடுத்துக்கொள்ளும். ஒரு செ.மீ. தடிமனான பேட் என்றால் தோள் முனையை முன்பக்கத்திலும் பின்பக்கத்திலும் ஒரு செ.மீ. உயர்த்துங்கள். கையின் மேல் வளைவையும் அதே அளவு உயர்த்துங்கள். மாதிரியைப் பேட் வைத்துத்தான் போட்டுப் பார்க்க வேண்டும்.

கைக்குழியின் ஆழத்தை வாய்ப்பாட்டிலிருந்து எடுக்காமல் உடம்பிலிருந்து எடுங்கள். ஒரு ஸ்கேலை அக்குளில் செருகிக் கிடைமட்டமாகப் பிடிக்கச் சொல்லி, பிடரி எலும்பிலிருந்து அந்த மட்டம் வரை முதுகில் செங்குத்தாக அளந்துகொள்ளுங்கள். அதோடு இரண்டு செ.மீ. சேர்த்தால் போதும். ஒட்டி நிற்கும் மேல்பகுதிக்கு ஒன்றரைகூடப் போதும்.

ஏற்கெனவே வெட்டிவிட்டவர்களுக்கு: அக்குளில் வைர வடிவ ஒட்டுத்துணி வைக்கலாம். 1950-களில் உடலோடு சேர்த்தே வெட்டிய கைகளுக்கு அப்படித்தான் வைத்தார்கள், அங்கே அது வடிவமைப்பின் பகுதி. தனியாக வெட்டி வைத்த கையில், பிழையை மறைக்க வைத்த ஒட்டு ஒவ்வொரு முறை கையைத் தூக்கும்போதும் தெரியும். என் கரும்பச்சைக் கவுனில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். மேல்பகுதியைப் புதிதாக வெட்டத் துணி இருந்தால் அதைச் செய்யுங்கள்.

அந்தப் பெண்ணின் மாதிரியில் வெட்டிய துண்டைத் திரும்ப ஒட்டித் தைத்து, விளிம்பில் வெட்டுகள் கொடுத்தோம். முன்பக்கத்தில் கொஞ்சம் குடைந்தோம். "இப்ப பிடிக்கல" என்றார்.

வட்ட ஸ்கர்ட்டின் இடுப்பு வட்டம்

ஆரம் என்பது இடுப்பளவை 6.28-ஆல் வகுத்தது. 70 செ.மீ. இடுப்புக்கு 11.1 செ.மீ. இது எல்லோருக்கும் தெரிகிறது. தையலுக்கு விடும் துணியை எந்தப் பக்கம் சேர்ப்பது என்பதில்தான் தடுமாறுகிறார்கள். 11.1-லேயே வெட்டிவிட்டு 1.5 செ.மீ. தள்ளித் தைத்தால், தைத்த இடுப்பு 9 செ.மீ.-க்கும் மேல் பெரிதாகிவிடும். தையல் துணி வட்டத்துக்கு உள்ளே இருக்க வேண்டும்: வெட்டும் ஆரம் 9.6, தைக்கும் ஆரம் 11.1. அந்த வட்டத்தின் விளிம்பு பல இடங்களில் கிராஸாக (இழைகளுக்குச் சாய்வாக) இருப்பதால் கையாளும்போதே விரியும். வெட்டியதும் ஓரமாக ஒரு தையல் ஓட்டி நிறுத்திவிடுங்கள்.

கிராஸ் துணியில் அன்றே கீழ்விளிம்பு மடிப்பது

வேண்டாம். ஒரு நாள் முழுக்கத் தொங்கவிட்டு, போட்டுப் பார்த்துத் தரையிலிருந்து அளந்து மடியுங்கள்.

தையல் ஓரத்தை முதலிலேயே சேர்ப்பது

டார்ட்டை நகர்த்தி முடித்து, சேரப்போகும் கோடுகளை ஒன்றின் மேல் ஒன்று வைத்து நீளம் பார்த்த பிறகு, கடைசியில் சேருங்கள்.

ஜிப்பைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது

1940-களின் கவுன் என்றால் பெரும்பாலும் இடது பக்கத் தையலில். பேட்டர்ன் வரையும்போதே குறித்துவிடுங்கள்.