மீட்டியருக்கு ஹைவே பெக் மாட்டப் போகிறீர்களா? முதலில் குழாயை அளங்கள்

ராயல் என்ஃபீல்டு மீட்டியர் 350 பைக்கில் ஃபுட்ரெஸ்ட் கொஞ்சம் முன்தள்ளித்தான் இருக்கிறது, ஆனாலும் சென்னையில் கிளம்பி விழுப்புரம் தாண்டும்போது முழங்கால் மரத்துப்போகும். காலை வேறு நிலையில் வைக்க ஹைவே பெக், அதாவது கிராஷ் கார்டில் கிளாம்ப் போட்டு மாட்டும் கூடுதல் கால்தாங்கி, நல்ல வழி.

வாங்கும் முன் கிராஷ் கார்டு (வண்டி விழுந்தால் அடி தாங்க இன்ஜினுக்கு முன்னால் இருக்கும் கம்பி) குழாயின் விட்டத்தை அளந்துகொள்ளுங்கள். வெர்னியர் இல்லையா, குழாயைச் சுற்றி ஒரு நூலைக் கட்டி அந்த நீளத்தை 3.14-ஆல் வகுத்தால் போதும்: நூல் 8 செ.மீ. வந்தால் குழாய் சுமார் 25 மி.மீ., 10 செ.மீ. வந்தால் 32 மி.மீ. கிளாம்ப் அதே அளவில் இருக்க வேண்டும். "பெரிசா இருந்தா என்ன, சைக்கிள் ட்யூபை வெட்டி உள்ளே வெச்சுக்கலாம்" என்று ஒருவர் சொன்னதை நம்பி நான் மாட்டினேன், உளுந்தூர்பேட்டை பக்கம் போய்க்கொண்டிருக்கும்போதே பெக் கீழே சுழன்று கால் நழுவித் தொங்கிவிட்டது. பெயிண்ட் உரியாமலிருக்க ஒரு சுற்று ட்யூப் வைக்கலாம், இடைவெளியை அடைக்க வைக்கவே கூடாது.

மடங்கும் பெக்தான் வேண்டும். வளைவில் சாயும்போது தரையில் பட்டால் அது மேலே மடங்கிக்கொள்ளும். மடங்காதது தரையில் ஊன்றி வண்டியையே தூக்கிவிடும்.

சரி, எங்கே மாட்டுவது? சமதரையில் ஒருவரை வண்டியைப் பிடிக்கச் சொல்லி, ஓட்டும்போது போடும் அதே ஷூவோடு வழக்கம்போல உட்கார்ந்து, கால் எங்கே இயல்பாகப் போய் நிற்கிறதோ அங்கே சாக்பீஸால் குறியுங்கள், அழகு பார்த்து இடம் முடிவு செய்யாதீர்கள். முழங்கால் லேசாக மடிந்தே இருக்கட்டும். விறைப்பாக நீட்டினால் பள்ளத்தில் இறங்கும் அடி நேராக இடுப்புக்கு ஏறும். பெக் ஃபுட்ரெஸ்ட்டை விட உயரமாக இருக்க வேண்டும். வலது பக்கம் சைலன்சர் பெண்டு (இன்ஜினிலிருந்து வளைந்து வரும் சூடான குழாய்) ஷூவில் படக்கூடாது, ஹேண்டிலை இரு பக்கமும் முழுதாகத் திருப்பி மட்கார்டு இடிக்கிறதா என்றும் பாருங்கள்.

ஆலன் போல்ட்டுகளை மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக முறுக்குங்கள், மரையில் ஒரு சொட்டு நீல லாக்டைட் (போல்ட் தளராமல் பிடிக்கும் பசை) விடுங்கள். ஒற்றை சிலிண்டர் அதிர்வு எதையும் தளர்த்தும், 100 கி.மீ. ஓடியதும் மறுபடி ஆலன் கீயைப் போட்டுப் பாருங்கள்.

அப்புறம், கால் பெக்கில் இருக்கும்போது பின் பிரேக் உங்கள் காலடியில் இல்லை. 80 கி.மீ. வேகத்தில் ஒரு நொடிக்கு 22 மீட்டர் போய்விடுவீர்கள். மீடியனில் இடைவெளியோ சாலையோரம் ஆடு மாடோ தூரத்தில் தெரிந்தால்கூட உடனே காலை எடுத்துப் பிரேக்குக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.