நாராவை ட்ரெயின்ல போய் ஒரே நாள்ல உருப்படியா சுத்திப் பாக்குறது எப்படி

ஜப்பான் டூர் பிளான் போடுறவங்க பெரும்பாலும் கியோட்டோவுக்கு மூணு நாள், ஒசாகாவுக்கு ரெண்டு நாள்னு பிரிச்சுட்டு, நாராவை மட்டும் "ஒரு மத்தியானம் எட்டிப் பாத்துட்டு வந்துடலாம்"னு ஓரமா சொருகி வைப்பாங்க. சொதப்பல் அங்கதான் ஆரம்பிக்குது. 1 மணிக்கு போய் இறங்கி, மானுக்கு பிஸ்கட் போட்டு, போட்டோ எடுத்து, பெரிய புத்தரை கூட்டத்துல எக்கி எக்கி பாத்துட்டு வெளிய வந்தா மணி 4 ஆயிடும், அதுக்கப்புறம் எந்தக் கோயிலுக்கு ஓடினாலும் கேட் சாத்துற நேரம்தான். 710ல இருந்து 784 வரைக்கும் ஜப்பானுக்கு தலைநகரமா இருந்த ஊரு இது, கியோட்டோவுக்கெல்லாம் சீனியர். முழு நாளும் குடுங்க, காலைல சீக்கிரமா போங்க. நான் சொல்றதுல மத்ததெல்லாம் மறந்தாலும் பரவால்ல, இந்த காலைல போற விஷயத்தை மட்டும் விட்டுடாதீங்க.

எங்க இருந்து கிளம்புறதுன்னா கியோட்டோ இல்ல ஒசாகா, ரெண்டுல எதுன்னாலும் ஓகே, முக்கால் மணி நேரம் முன்ன பின்ன ஆகும். டோக்கியோவுல இருந்து ஒரே நாள்ல போயிட்டு வர முடியுமான்னு நிறைய பேர் கேக்குறாங்க. நொசோமி ஷின்கான்சென்ல (புல்லட் ட்ரெயின்) கியோட்டோவுக்கே ரெண்டேகால் மணி நேரம், அதுக்கு மேல நாராவுக்கு ஒரு ட்ரெயின், அப்புறம் இதே மாதிரி திரும்பி வரணும். முடியும்தான், ஆனா ட்ரெயின்லயே ஆறு மணி நேரம் போயிடும், டிக்கெட் காசும் எக்கச்சக்கம். நான் அதை ரெக்கமண்ட் பண்ண மாட்டேன்.

இப்போ முக்கியமான மேட்டருக்கு வரேன், ஸ்டேஷன். நாராவுல ரெண்டு ஸ்டேஷன் இருக்கு, ஒண்ணு ஜேஆர் நாரா, இன்னொண்ணு கின்டெட்சு நாரா, ரெண்டும் வேற வேற ரயில் கம்பெனியோடது. மேப்ல பக்கத்துல பக்கத்துல இருக்க மாதிரி தெரியும், ஆனா நாம பாக்கப் போற எல்லாமே ஊரோட கிழக்குப் பக்கம் இருக்கு, கின்டெட்சு ஸ்டேஷன் அந்தப் பக்கமா தள்ளி இருக்கு, வெளிய வந்து அஞ்சு நிமிஷம் நடந்தா மான்கள் சுத்துற நாரா பார்க் ஆரம்பிச்சுடும். ஜேஆர்ல இறங்கினா பார்க் ஓரத்துக்கு வரவே 20 நிமிஷம் கிட்ட நடக்கணும். போக இருபது வர இருபதுன்னு ஒரு கோயில் பாக்குற நேரமே இதுல போயிடும். அதனால கையில ஜேஆர் பாஸ் (ஜேஆர் ட்ரெயின்ல இஷ்டத்துக்குப் போற டூரிஸ்ட் பாஸ்) இருந்தா ஒழிய கின்டெட்சுதான் என் சாய்ஸ். அந்தப் பாஸ் கின்டெட்சு ட்ரெயின்ல செல்லாது, அதையும் ஞாபகம் வச்சுக்கோங்க. பாஸ் இல்லாதவங்க நாராவுக்காக பாஸ் வாங்குறதுல அர்த்தமே இல்ல, 7 நாள் பாஸ் 2023 அக்டோபர்லயே 50,000 யென் ஆயிடுச்சு, ஆனா நாராவுக்கு ஒரு பக்கத்துக்கு சாதா டிக்கெட் 700 யென் சுமாருக்குத்தான் வரும்.

கியோட்டோவுல இருந்து கின்டெட்சுல ரெண்டு வகை இருக்கு. லிமிடெட் எக்ஸ்பிரஸ்னா சுமார் 35 நிமிஷம், ரிசர்வ் சீட், அதுக்கு டிக்கெட் மேல தனியா ஒரு சார்ஜ் கட்டணும். சாதா எக்ஸ்பிரஸ்னா சுமார் 50 நிமிஷம், எக்ஸ்ட்ரா சார்ஜ் கிடையாது. கால் மணி நேரம் மிச்சம் பண்ண காசு குடுக்கணுமாங்கறது உங்க இஷ்டம், லக்கேஜோ சின்னப் பசங்களோ கூட இருந்தா குடுக்கலாம். சாதா எக்ஸ்பிரஸ்ல ஏறுறப்போ மட்டும் ஒண்ணு கவனிங்க, எல்லா வண்டியும் நாராவுக்கு போகாது, சிலது காஷிஹாரா பக்கம் திரும்பிடும், அப்படி வண்டில ஏறிட்டா யாமாதோ சாய்தாய்ஜி ஸ்டேஷன்ல இறங்கி நாரா வண்டிக்கு மாறிக்கணும். ஜேஆர்ல போறவங்க மியாகோஜி ரேப்பிட் பிடிங்க, 45 நிமிஷம் சுமார்.

ஒசாகாவுல தங்கி இருந்தா இன்னும் ஈஸி, ஒசாகா நம்பாவுல இருந்து கின்டெட்சு ரேப்பிட் எக்ஸ்பிரஸ், 40 நிமிஷத்துல நாரா, எக்ஸ்ட்ரா சார்ஜ் எதுவும் இல்ல. இந்த ரூட்ல இடது பக்கம் உக்காருங்க, மலை டனலுக்குள்ள நுழையறதுக்கு முன்னாடி வண்டி மேடேறும்போது ஒசாகா ஊரே கீழ விரிஞ்சு கிடக்குறது தெரியும். டனல் தாண்டி சாய்தாய்ஜி ஸ்டேஷன் விட்டதும் உடனே வலது பக்கம் பாருங்க. வெட்டவெளி மைதானம் வரும், அதுக்கு நடுவுல சிவப்புத் தூண் வச்ச ஒரு பெரிய வாசல் நிக்கும், அது சுசாக்கு வாசல், பழைய அரண்மனையோட மெயின் கேட், 1998ல திரும்பக் கட்டினது. அதாவது உங்க ட்ரெயின் அந்த அரண்மனை இருந்த மைதானத்து குறுக்கால ஓடிட்டு இருக்கு! இடது பக்கம் இருக்கற பெரிய கட்டடம் ராஜா உக்காந்த மண்டபம், அது 2010ல திரும்பக் கட்டி முடிச்சாங்க. ஒரு நாள் பிளான்ல அங்க இறங்கி பாக்க நேரம் பத்தாது, ஜன்னல் வழியா பாத்தாலே போதும்.

டிக்கெட்டுக்கு லைன்ல நிக்காதீங்க, ஐகோகாவோ சூய்காவோ எந்த ஐசி கார்டு (முன்கூட்டியே காசு ஏத்தி வைக்கிற கார்டு) இருந்தாலும் ரெண்டு கம்பெனி ட்ரெயின்லயும் தட்டிட்டு போகலாம். லிமிடெட் எக்ஸ்பிரஸ் சார்ஜ் மட்டும் தனியா வாங்கணும். பெரிய பை இருந்தா ஸ்டேஷன் காயின் லாக்கர்ல போட்டுடுங்க. எப்படியும் 8, 10 கிலோமீட்டர் நடை இருக்கு, அதனால நல்ல ஷூ போட்டுக்கோங்க. சின்னக் கோயில்ல உள்ள போக ஷூவைக் கழட்ட வேண்டி வரும், ஓட்டை இல்லாத சாக்ஸும் முக்கியம் (சிரிக்காதீங்க). பார்க்ல குப்பைத் தொட்டி தேடி அலையாதீங்க, மான் கவரை எல்லாம் தின்னுடும்னு பெரும்பாலும் வைக்கிறதில்ல, உங்க குப்பையைப் போட ஒரு கவர் நீங்களே கொண்டு போங்க, திரும்ப எடுத்துட்டு வாங்க.

சரி, கிளம்புற நேரம். தோடாய்ஜி கோயில் பெரிய புத்தர் மண்டபம் ஏப்ரல்ல இருந்து அக்டோபர் வரைக்கும் காலைல 7:30க்கே திறந்துடும், நவம்பர்ல இருந்து மார்ச் வரைக்கும் 8 மணி. ஸ்டேஷன்ல இருந்து நடை 20, 25 நிமிஷம். அப்போ 8 மணிக்குள்ள ஸ்டேஷன்ல இறங்குற மாதிரி ட்ரெயின் பிடிங்க. வழியில மானெல்லாம் வந்து பாக்கும், கோஃபுகுஜி கோயிலும் வலது பக்கம் வரும், நிக்காதீங்க, அதெல்லாம் திரும்பி வரும்போது. ஸ்கூல் பசங்க பஸ் பஸ்ஸா வந்து இறங்க ஆரம்பிச்சா அப்புறம் எங்க பாத்தாலும் ஒரே கலர் தொப்பியாதான் இருக்கும், அதுக்கு முன்னாடி உள்ள போயிடணும்.

முதல்ல நந்தைமோன் வாசல் வரும். எல்லாரும் அண்ணாந்து ஒரு போட்டோ எடுத்துட்டு உள்ள போயிடுவாங்க, நீங்க ரெண்டு பக்கமும் கூண்டுக்குள்ள நிக்கிற காவல் தெய்வங்களைப் பாருங்க. 8 மீட்டருக்கு மேல உயரம், மரத்துண்டுகளைச் சேத்துச் செதுக்கினது, 1203ல உங்கேய், காய்கேய் அப்படிங்கற சிற்பிகளும் அவங்க ஆளுங்களும் 69 நாள்ல முடிச்சிருக்காங்க. நெஞ்சு நரம்பு, கால் விரல் விரிஞ்சிருக்கறதெல்லாம் பாத்தா இப்பவே எட்டி உதைச்சுடும் போல இருக்கும். இதுக்கு டிக்கெட் கிடையாது.

உள்ள புத்தர் மண்டபத்துக்கு 800 யென். வெண்கல புத்தர் 15 மீட்டர் உயரம், 752ல கண் திறந்தாங்க, கண் திறக்கற தூரிகையைக் கையில பிடிச்சவர் இந்தியாவுல இருந்து போன போதிசேனர்னு ஒரு துறவி. அந்தத் தூரிகையில நீளமா கயிறு கட்டி, ஷோமு ராஜாவுல இருந்து கூடியிருந்தவங்க வரைக்கும் அந்தக் கயிறைப் பிடிச்சுகிட்டாங்களாம், எல்லாரும் சேந்து கண் திறந்த மாதிரி. இதைத் தெரிஞ்சுட்டு போய் அந்த முகத்தைப் பாருங்க. ஆனா இப்ப இருக்கற தலை அப்போ செஞ்சது இல்ல, 1180லயும் 1567லயும் சண்டையில கோயில் எரிஞ்சு, தலை 1690கள்ல திரும்பப் பண்ணினது, கீழ தாமரை இதழ்ல சிலதுதான் அந்தக் காலத்து ஒரிஜினல். இந்த மண்டபமும் 1709ல முடிச்சது, பழசோட அகலத்துல மூணுல ரெண்டு பங்குதான், அதுவே இந்த சைஸ்! வெளிய வரும்போது வாசலுக்குப் பக்கத்துல சிவப்புத் துணி போத்தி ஒரு மரச்சிலை உக்காந்திருக்கும், அது புத்தரோட சீடர் பிண்டோலர். நமக்கு எங்க வலியோ அந்தச் சிலையில அந்த இடத்தைத் தொட்டுட்டு நம்ம உடம்புல தொட்டுக்கணும்னு ஒரு நம்பிக்கை.

அடுத்து பெரும்பாலானவங்க வந்த வழியே திரும்பிடுவாங்க, நீங்க பின்பக்கமா மேல ஏறுங்க. மண்சுவர், கல் படின்னு ஒரு அமைதியான பாதை, அது நிகாட்சுதோ மண்டபத்துல கொண்டு விடும். ஃப்ரீ, எந்நேரமும் திறந்தே இருக்கும், பால்கனில நின்னா புத்தர் மண்டபத்து கூரையும் அதுக்குப் பின்னாடி ஊர் மொத்தமும் தெரியும். சாயங்காலம் சூரியன் இறங்கும்போதுதான் அழகுன்னு எல்லாரும் சொல்லுவாங்க, நிஜந்தான், ஆனா அதுக்காக கடைசில திரும்ப இவ்ளோ தூரம் ஏறி வரணும். டிசம்பர்ல 5 மணிக்குள்ளயே இருட்டிடும், அந்த சீசன்ல வேணா சூரியன் இறங்குறதுக்கு முன்னாடி இங்க வாங்க. கோடையில எனக்குக் காலைதான். மார்ச் 1ல இருந்து 14 வரைக்கும் இதே பால்கனில பெரிய தீப்பந்தத்தைத் தூக்கிட்டு ஓடுற ஓமிசுதோரி திருவிழா நடக்கும், 752ல ஆரம்பிச்சது, அந்தச் சமயம் போறவங்க ராத்திரி வரைக்கும் இருந்து பாத்துட்டு வரலாம்.

அங்கிருந்து தெற்கால நடந்தா வாகாகுசா மலை அடிவாரம், அப்படியே காசுகா தைஷா ஷிண்டோ கோயில். இந்த ரூட்ல மான் கூட்டம் ஜாஸ்தி, பிஸ்கட்டை இங்க வாங்குங்க, ஒரு கட்டு 200 யென். தவிடும் கோதுமை மாவும் போட்டுப் பண்றது, நாம தின்னக் கூடாது. இந்த மான்கள் சாதுன்னு நெனச்சுடாதீங்க, காட்டு மிருகம்தான், 1957ல இருந்து தேசிய இயற்கைச் சின்னம். தலையைக் குனிஞ்சு கும்பிடும், நீங்களும் குனிஞ்சுட்டு உடனே குடுத்துடணும், போட்டோவுக்காக கையில வச்சு ஆட்டம் காட்டினா பின்னாடி வந்து சட்டையைக் கடிச்சு இழுக்கும், முட்டும். தீந்துடுச்சுன்னா ரெண்டு கையையும் விரிச்சுக் காட்டுங்க, புரிஞ்சுகிட்டு போயிடும். பையில பேப்பர், மேப் எதுவும் வெளிய நீட்டிட்டு இருக்க வேண்டாம். அக்டோபர் சமயம் ஆண் மான் முரட்டுத்தனமா இருக்கும், மே ஜூன்ல குட்டி போட்ட தாய் மானும் அப்படித்தான், சின்னப் பசங்களைக் கைல பிடிச்சுக்கோங்க.

காசுகா தைஷா 768ல கட்டினது, அந்தக் காலத்துல செல்வாக்கா இருந்த ஃபுஜிவாரா குடும்பத்துக் கோயில். கல் விளக்கு, தொங்கு விளக்கு எல்லாம் சேத்து சுமார் 3,000 இருக்கு. எல்லாத்தையும் மொத்தமா ஏத்துறது பிப்ரவரி ஆரம்பத்துலயும் ஆகஸ்ட் 14, 15லயும் மட்டும்தான், ஆனா காசு குடுத்து உள்ள போனா ஒரு இருட்டு ரூம்ல தொங்கு விளக்குகளை ஏத்தி வச்சிருப்பாங்க, அந்த ஒரு ரூமுக்காகவே உள்ள போகலாம்.

சாப்பாடு இங்க இருந்து ஊர்ப்பக்கம் இறங்கி வந்ததுக்கு அப்புறம். காக்கினோஹா சுஷின்னு பெர்சிமன் இலையில சுத்தின சுஷி இந்த ஊர் ஸ்பெஷல், ஸ்டேஷன் கிட்டயே கிடைக்கும். சைவம்னா உஷாரா இருங்க, காய்கறி சூப், நூடுல்ஸ்னு நாம நெனக்கிறதுல மீன் சாறு கலந்திருக்கும், அதனால காலைலயே கடையில பழம், பிரெட் வாங்கி பையில வச்சுக்கறது பெட்டர். மான் பக்கத்துல உக்காந்து மட்டும் சாப்பிடாதீங்க.

மத்தியானத்துக்கு கோஃபுகுஜி. அஞ்சடுக்கு பகோடா 1426ல கட்டினது, 50 மீட்டர், ஆனா ரிப்பேர் வேலைக்காக மொத்தமா மூடி சாரம் கட்டியிருக்காங்க, இன்னும் சில வருஷம் அப்படித்தான் இருக்கும், ஏமாந்துடாதீங்க. அதுக்குப் பதிலா பக்கத்துல இருக்கற மியூசியம் மண்டபத்துக்குள்ள போங்க, அங்க 734ல பண்ணின அசுரர் சிலை ஒண்ணு இருக்கு. மூணு முகம், ஆறு கை, ஒன்றரை மீட்டர் உயரம், பேருதான் அசுரன், முகத்தைப் பாத்தா பரீட்சை ரிசல்ட்டுக்கு காத்திருக்கிற பையன் மாதிரி புருவத்தைச் சுருக்கிட்டு நிக்குது. அரக்கும் துணியும் வச்சுப் பண்ணினது, உள்ள வெத்துக்கூடு, எடை கம்மி, அதனாலதான் தீ பிடிச்சப்போ எல்லாம் தூக்கிட்டு ஓட முடிஞ்சிருக்குன்னு சொல்லுவாங்க. நாராவுல ஒரே ஒரு சிலைதான் பாக்க முடியும்னா நான் பெரிய புத்தரை விட்டுட்டு இதைப் பாப்பேன், சண்டைக்கு வராதீங்க.

நேரம் மிச்சம் இருந்தா நாராமாச்சி பழைய வியாபாரிங்க தெருவுல சும்மா நடங்க, வீட்டு வாசல்ல சிவப்புத் துணிக் குரங்கு பொம்மை தொங்கும், கெட்டதெல்லாம் அது வாங்கிக்கும்னு மாட்டி வைப்பாங்க. சான்ஜோ தெருவுல நாகாதானிதோ கடையில மோச்சி (அரிசியை இடிச்சுப் பண்ற பலகாரம்) இடிக்கிறதையும் பாருங்க, ரெண்டு பேர் கத்திகிட்டே அடிக்கிற வேகத்துல கை மாட்டிக்காம இருக்கறதே பெரிய விஷயம், சூடா ஒண்ணு வாங்கிச் சாப்பிடுங்க.

ஹோர்யூஜி கோயிலையும் இதே நாள்ல சேக்கலாமான்னா, வேண்டாம். உலகத்துலயே ரொம்பப் பழைய மரக் கட்டடங்கள் அங்கதான் இருக்கு, ஜேஆர்ல நாராவுல இருந்து பத்துப் பன்னெண்டு நிமிஷம்தான், ஆனா ஸ்டேஷன்ல இருந்து 20 நிமிஷம் நடந்து, சுத்திப் பாத்துட்டு வர அரை நாள் ஆகும். அதுதான் முக்கியம்னு நெனச்சா காசுகாவையும் கோஃபுகுஜியையும் விட்டுடணும். கியோட்டோவுல இருக்கற ஃபுஷிமி இனாரி கோயிலையும் சிலர் இதோட கோக்குறாங்க, அது ஜேஆர் நாரா லைன்லயே இருக்கறதால ஆசை வரும், ஆனா ரேப்பிட் வண்டி இனாரில நிக்காது, லோக்கல்தான் நிக்கும். கியோட்டோ திரும்புற வழியில ராத்திரி போய் பாருங்க, அது எந்நேரமும் திறந்திருக்கும்.

ராத்திரி சாப்பாட்டுக்கு நாராவுலயே காத்திருக்க வேண்டாம், நிறைய கடை சீக்கிரம் சாத்திடுவாங்க. கின்டெட்சு நாராவுல இருந்துதான் வண்டி புறப்படும், அதனால சீட் கிடைக்கும். ஒசாகா போறவங்க போர்டுல கோபே சன்னோமியான்னு போட்டிருந்தா பயப்படாதீங்க, அது நம்பா வழியாதான் போகுது, ஏறிக்கலாம். கியோட்டோவுக்கு நேர் வண்டி உடனே இல்லன்னா வர்ற எந்த வண்டிலயாவது ஏறி சாய்தாய்ஜில இறங்குங்க, எல்லா வண்டியும் அங்க நிக்கும், அங்க இருந்து கியோட்டோ வண்டி பிடிச்சுக்கலாம்.