அம்மாவின் ஐ-94 கிடைத்த விதம்

கிருஷ்ணகிரியிலிருந்து அம்மா அமெரிக்காவில் அக்கா வீட்டுக்குப் போய் நான்கு மாதம் ஆகிவிட்டது. விசா 10 வருடத்துக்கு இருக்கிறதே என்று இருந்தோம். ஆனால் அது வாசல்வரை போகத்தான். எத்தனை நாள் தங்கலாம் என்பதைச் சொல்வது, உள்ளே நுழையும்போது பதிவாகும் ஐ-94 தேதி. அதை அமெரிக்க அரசின் ஐ-94 இணையதளத்தில் அம்மாவின் பெயரும் எண்ணும் கொடுத்துத் தேடினால் ‘பதிவு இல்லை’ என்றே வந்தது.

மூன்று நாள் வீண். அப்பா பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டேன், இனிஷியலைப் போட்டேன், ஒரே பெயரை இரண்டு கட்டத்திலும் போட்டேன். ஒன்றும் நடக்கவில்லை.

அப்புறம்தான் விசா நகலைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பாஸ்போர்ட்டில் அம்மாவுக்குக் குடும்பப் பெயர்க் கட்டம் காலி. விசாவிலோ அம்மாவின் பெயர் அந்த இடத்துக்கு ஏறியிருந்தது. முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப், என், யூ என்று மூன்றே எழுத்து. முதல் பெயர் தெரியாது என்பதன் சுருக்கமாம். நம் பக்கம் ஒற்றைப் பெயரோடு பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் இதைக் கவனியுங்கள். அப்படியே அடித்தேன், உடனே வந்தது. எண் கேட்கும் இடத்தில் பாஸ்போர்ட் எண்தான், விசாவில் சிவப்பாக இருக்கும் எண் அல்ல.

தேதிக்கு இன்னும் 52 நாள் இருந்தது. தங்கும் காலத்தை நீட்டிக்கக் கேட்கும் ஐ-539 விண்ணப்பம் அதற்குள் போய்ச் சேர வேண்டும். அக்கா அன்று இரவே நிரப்பி அனுப்பிவிட்டாள்.