தலைக்குளியல், முடிவெட்டு, நகம், பல்: ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு இவற்றைச் சண்டையில்லாமல் செய்ய

ஷாம்பு பாட்டிலைப் பார்த்ததுமே அலறல். நகவெட்டியை எடுத்தால் கட்டிலுக்கடியில் ஓட்டம். இதை அடம் என்று எடுத்துக்கொண்டால் தினமும் போராட்டம்தான் மிஞ்சும். ஆட்டிசம் உள்ள பல பிள்ளைகளுக்குத் தொடுதல், சத்தம், மணம், உடல் சாய்வு ஆகியவற்றை மூளை வாங்கிக்கொள்ளும் விதமே வேறு. மனநலக் கோளாறுகளைக் கண்டறிய அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-ல் வெளியிட்ட டிஎஸ்எம்-5 கையேடு, ஆட்டிசத்தைக் கண்டறியும் அளவுகோல்களிலேயே இதைச் சேர்த்தது. சிலருக்கு எல்லாமே அதிகமாகப் படும், சிலருக்கு எதுவுமே உறைக்காது. மிக்ஸி சத்தத்துக்குக் காதைப் பொத்துகிற அதே பிள்ளைக்கு முட்டி சிராய்த்து ரத்தம் வருவது தெரியாமலும் போகலாம்.

அதனால் “குளிக்கவே பிடிக்காது” என்ற பேச்சை முதலில் விடுங்கள். முரண்டு எந்த இடத்தில் தொடங்குகிறது என்று ஒரு வாரம் கவனித்துக் குறித்து வையுங்கள். குளியலறை வாசலிலேயே என்றால் பெரும்பாலும் சத்தம்: எக்ஸாஸ்ட் ஃபேன், டைல்ஸ் சுவரில் எதிரொலிக்கும் தண்ணீர். சட்டையைக் கழற்றும்போது என்றால் குளிர். ஷவரைத் திறந்ததும் என்றால் உடம்பில் சிதறி விழும் துளிகள். துண்டை எடுத்ததும் என்றால் தேய்ப்பு. காரணம் பிடிபட்டதும் அந்த ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஃபேன், துண்டு, சோப்பு மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது கைகொடுத்தது என்று தெரியாது. புதுமை மட்டுமே பிள்ளையை மிரட்டிவிடும்.

நேற்றுவரை சும்மா இருந்த பிள்ளை திடீரென்று தலையையோ வாயையோ தொடவிடவில்லை என்றால் இந்த உத்திகளையெல்லாம் ஒத்திவையுங்கள். காதுவலி, பல்சொத்தை, தலையில் புண் இருக்கலாம். வலியைச் சொல்லத் தெரியாத பிள்ளை அதை இப்படித்தான் காட்டும். முதலில் டாக்டர்.

தலைக்குளியல்

இங்கே தண்ணீரைவிடப் பெரிய எதிரி, தலையைப் பின்னால் சாய்ப்பதுதான். சமநிலையைச் சொல்லும் உறுப்பு உள்காதில் இருக்கிறது. அது கூர்மையாக வேலை செய்யும் பிள்ளைக்கு, கண்ணை மூடித் தலையைச் சாய்த்தால் கீழே விழுகிற உணர்வே வரும். ஆகவே தலையைச் சாய்க்கவே வேண்டாம். வழுக்காத குட்டை ஸ்டூலில், இரண்டு பாதமும் தரையில் அழுந்தும்படி உட்கார வையுங்கள். சின்னத் துண்டை நாலாக மடித்து நெற்றியில் வைத்து, பிள்ளையே தன் கையால் அழுத்திப் பிடிக்கட்டும். கண்ணில் தண்ணீர் வராமல் தடுப்பது தன் கையில் இருக்கிறது என்பதே பாதிப் பயத்தைக் குறைத்துவிடும்.

தண்ணீர் 37 முதல் 38 டிகிரி செல்சியஸ். தெர்மாமீட்டரால் பாருங்கள், இல்லாவிட்டால் உங்கள் முழங்கையை விட்டுப் பாருங்கள். சூடு உறைக்காத பிள்ளை, ரொம்பச் சூடான தண்ணீரிலும் சத்தம் போடாமல் நிற்கக்கூடும் என்பதால் பிள்ளையின் முகத்தை நம்பாதீர்கள். மக்கை உயரத்தில் பிடித்து ஊற்ற வேண்டாம். அதன் விளிம்பு பின்னந்தலையைத் தொட்டபடி இருக்க, மெதுவாக வழியவிடுங்கள். ஷாம்புவைச் சின்னக் கிண்ணத்துத் தண்ணீரில் முன்கூட்டியே கரைத்துவிட்டால் நுரை சீக்கிரம் போகும். தேய்க்கும்போது விரல் நுனிகள் வேண்டாம், முழு உள்ளங்கை. மெல்லிய தொடுதல்தான் பலருக்குக் கூசும். அழுத்தமான தொடுதல் அமைதிப்படுத்தும்.

எத்தனை மக் என்று முதலிலேயே சொல்லிவிட்டு உரக்க எண்ணுங்கள். ஆறு என்றால் ஆறுதான். கொஞ்சம் நுரை மிச்சமிருக்கிறதே என்று ஏழாவதை ஊற்றினால், அடுத்த முறை உங்கள் எண்ணிக்கையைப் பிள்ளை நம்பாது. கணக்குத் தப்பும் என்று தோன்றினால் ஷாம்புவைக் குறையுங்கள். துவட்டும்போதும் தேய்க்காமல் துண்டால் பொத்தி அழுத்துங்கள். உடம்புக் குளியலையும் தலைக்குளியலையும் வேறு வேறு நாளாகப் பிரித்தாலே பல வீடுகளில் பாதிப் பிரச்சினை தீரும்.

முடிவெட்டு

இதில் ஒரே நேரத்தில் ஆறேழு தொல்லைகள் சேர்ந்து வருகின்றன: ட்ரிம்மரின் ரீங்காரம், காதோரத்து அதிர்வு, கழுத்தை இறுக்கும் துணி, முகத்தில் ஸ்ப்ரே, அந்நியர் கை, சட்டைக்குள் குத்தும் துணுக்குமுடி. கழுத்துத் துணி ஆகவில்லை என்றால் பழைய சட்டை ஒன்றைப் போட்டு வெட்டிவிட்டு, உடனே கழற்றிக் குளிக்கலாம். ஸ்ப்ரேக்குப் பதில் ஈரச் சீப்பு.

ட்ரிம்மரைப் பழக்குவதற்கு வெட்டும் நாளைத் தேர்ந்தெடுக்காதீர்கள். சில வாரம் முன்பே, ஓடாத ட்ரிம்மரைப் பிள்ளை கையில் கொடுத்து விளையாட விடுங்கள். பிறகு பக்கத்து அறையில் பத்து விநாடி ஓடவிட்டு நிறுத்துங்கள். அப்புறம் அதே அறையில், முடிந்தால் சுவிட்சைப் பிள்ளையே போடட்டும். அதன் பிறகு ஓடும் ட்ரிம்மரின் பின்பக்கத்தை (பிளேடு உங்கள் பக்கம் இருக்கட்டும்) உள்ளங்கையிலும், தோளிலும், கடைசியாகப் பிடரியிலும் வையுங்கள். ஒரு கட்டம் இரண்டு மூன்று நாள் பதற்றமின்றிப் போன பிறகே அடுத்தது. மறுத்தால் ஒரு கட்டம் பின்னால் வாருங்கள். இத்தனைக்கும் பிறகு அதிர்வு ஒத்துக்கொள்ளவில்லையா, கத்தரியோடு நின்றுகொள்ளுங்கள். வெட்டு சீராக இல்லாவிட்டால் ஒன்றும் குடிமுழுகாது.

சலூன் என்றால் கடை திறந்ததும் முதல் ஆளாகப் போகக் கேளுங்கள். காத்திருக்கும் நேரத்திலேயே பொறுமையில் பாதி கரைந்துவிடும். சத்தம் தடுக்கும் ஹெட்போன் உதவும், காதோரம் வெட்டும்போது மட்டும் கழற்றலாம். ஆனால் அதை நாள் முழுக்க மாட்டிவைத்தால் சாதாரணச் சத்தமும் பெரிதாகப் படத் தொடங்கலாம்.

பிள்ளைக்கு “நிறுத்து” அட்டை ஒன்று கொடுங்கள். காட்டினால் நிறுத்தியே ஆக வேண்டும். ஆரம்பத்தில் சோதித்துப் பார்க்கவே பலமுறை காட்டும். சலிக்காமல் ஒவ்வொரு முறையும் நிறுத்துங்கள். இரண்டு பேர் பிடித்து வைத்து வெட்டினால் அன்றைக்கு வேலை முடியும், அடுத்த முறை வாசலிலிருந்தே போராட்டம் தொடங்கும்.

நகம்

கைநகம் மாதத்துக்கு ஏறக்குறைய 3 மில்லிமீட்டர்தான் வளரும். பத்தையும் ஒரே மூச்சில் வெட்ட வேண்டிய அவசியமே இல்லை. நாளுக்கு ஒரு விரல் போதும். குளித்ததும் நகம் மெத்தென்று இருக்கும். விரல் நுனியை ஐந்து விநாடி அழுத்திப் பிடித்து, உடனே வெட்டுங்கள். ஒட்ட வெட்டினால் புதிதாக வெளிப்படும் சதை அடுத்த நாள் முழுக்க உறுத்தும். ‘டக்’ சத்தம்தான் பிரச்சினை என்றால் அரம் போதும். தூங்கும்போது வெட்டுவது அவசரத்துக்குச் சரி. பாதியில் விழித்துக்கொண்டால் தூக்கத்தின்மேலேயே பயம் வந்துவிடும்.

பல்

முதலில் பேஸ்ட்டைச் சந்தேகப்படுங்கள். புதினா பலருக்கு எரிச்சல். நுரை வருவது பெரும்பாலும் சோடியம் லாரில் சல்ஃபேட்டால். அது இல்லாத, மணமற்ற பேஸ்ட் கிடைக்கிறது. ஆனால் ஃப்ளூரைடு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். 3 வயதுக்குள் அரிசி அளவு, 3 முதல் 6 வரை பட்டாணி அளவு. பிள்ளைக்குப் பின்னால் நின்று, தலை உங்கள் மார்பில் சாய, பிள்ளை தொடவிடும் இடத்திலிருந்து தொடங்குங்கள். நாக்கின் பின்பகுதியைத் தொட்டால் குமட்டும். அதிரும் பிரஷ் சிலருக்குப் பிடிக்கும், சிலருக்கு ஆகவே ஆகாது.

இவற்றில் எதற்கும் முன்பு ஐந்து பத்து நிமிடம் சுவரைத் தள்ளுவது, துணிக்கூடை தூக்குவது போன்ற பாரமான வேலை பல பிள்ளைகளை நிதானமாக்கும்.

எல்லாம் செய்தும் ஒருநாள் வெடித்துவிட்டால், அங்கேயே நிறுத்துங்கள். கண்ணில் சோப்பு இருந்தால் அதை மட்டும் கழுவுங்கள். விளக்கைக் குறைத்து, பேச்சையும் குறையுங்கள். சமாதானம், பேரம், “இன்னும் ஒரே ஒரு தடவை” எதுவும் அப்போது காதில் ஏறாது. அன்றைக்கு மறுபடி முயல வேண்டாம்.

மக் எண்ணிக்கை, அட்டை, எந்த விரலின் முறை என்பதை ஒரு தாளில் எழுதிக் குளியலறைக் கதவில் ஒட்டுங்கள். தாத்தா பாட்டி குளிப்பாட்டினாலும் அதே ஆறு மக்தான். அந்த ஒரு வாரக் குறிப்பை ஆக்குபேஷனல் தெரபிஸ்டிடம் (அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் சிகிச்சையாளர்) காட்டினால், அவர் கேட்கும் முதல் பத்துக் கேள்விக்கும் அதில் பதில் இருக்கும்.