எண்ணெய்க் கிணற்று விரிசல் பணிக்கு வெப்பத்துக்கேற்ப மாறும் பொருளைத் தேர்வது எப்படி?

எண்ணெய், எரிவாயுக் கிணறுகளில் நீரழுத்தத்தால் பாறையைப் பிளக்கும் பணிக்கு, சூடேறியதும் கெட்டிப்படும், இளகும் அல்லது சிதைந்துபோகும் பொருளைத் தேடுபவர்கள், பாறையின் வெப்பநிலையை மட்டும் கேட்டுத் தெரிந்துகொண்டு முடிவெடுத்துவிடுகிறார்கள். உண்மையில் அந்தப் பொருள் எவ்வளவு நேரம் எந்தச் சூட்டில் இருக்கப்போகிறது என்பதைத்தான் முதலில் எழுதிக்கொள்ள வேண்டும்.

நிலத்தடியில் பொதுவாகக் கிலோமீட்டருக்கு 25 முதல் 30 டிகிரி செல்சியஸ் வரை வெப்பம் கூடும் என்பதால், தரையில் 30 டிகிரி இருந்தால் 3,000 மீட்டர் ஆழத்தில் ஏறத்தாழ 105 முதல் 120 டிகிரி இருக்கும். ஆனால் திரவத்தைப் பெருமளவில் செலுத்தும்போது கிணற்றடியும் அதையொட்டிய விரிசலும் வெகுவாகக் குளிர்ந்துவிடும். பம்பை நிறுத்திய பிறகே பாறையின் சூடு மெல்லத் திரும்பும். இந்த இரு கட்டங்களையும் ஒரே வரைபடத்தில் குறியுங்கள்.

அடுத்து, பொருள் செய்ய வேண்டிய வேலையைப் பாருங்கள். விரிசல் மீண்டும் மூடாமல் தாங்கும் மணலைச் சுமந்து செல்லக் கொத்தவரை விதையிலிருந்து எடுக்கும் குவார் பிசினும் போரேட்டும் சேர்ந்த ஜெல் வெகுகாலமாகப் பயன்படுகிறது (நம் வீட்டுப் பொரியலில் சேரும் அதே கொத்தவரைதான்). சூடேறினால் இளகி, ஆறினால் மீண்டும் இறுகும் இயல்புடையது இது. சூடு மிகுந்த கிணறுகளில் சிர்கோனியம் குறுக்கிணைப்பி (பிசின் சங்கிலிகளை ஒன்றோடொன்று பிணைக்கும் பொருள்) உதவும்; ஆனால் வேகமான கலக்கலில் அறுந்த அந்தப் பிணைப்பு முழுமையாகத் திரும்பாது. திறந்த விரிசலைத் தற்காலிகமாக அடைத்து, திரவத்தை வேறு பக்கம் திருப்ப பாலிலாக்டிக் அமிலத் துகள்கள் ஏற்றவை. அவை நீரால் சிதைந்து மறைபவை என்றாலும், 60 டிகிரிக்குக் கீழே அந்தச் சிதைவு மிக மந்தம். அத்தகைய ஆழம் குறைந்த கிணற்றுக்கு நான் அவற்றைப் பரிந்துரைக்க மாட்டேன். மணல் திரும்பி வெளியேறாமல் தடுக்கும் பிசின் பூசிய மணலுக்குச் ஒட்டிக் கெட்டிப்பட, சூட்டோடு விரிசலை மூடும் பாறையின் அழுத்தமும் வேண்டும்.

சூடுபட்டால் கெட்டியாகும் மெத்தில்செல்லுலோஸ், சூடுபட்டால் நீரிலிருந்து பிரியும் பாலி என்-ஐசோபுரோப்பைல் அக்ரிலமைடு ஆகிய இரண்டும் ஆய்வகத்தில் கற்க நல்லவை. பின்னதன் மாறுநிலை (மாற்றம் தொடங்கும் வெப்பநிலை) சுமார் 32 டிகிரி. சென்னையில் மே மாத மதியத்தில் ஏசி இல்லாத அறையில் கரைசல் தானாகவே கலங்கி நிற்கும் என்பதால், கரைத்தது முதல் அளவெடுப்பது வரை ஐஸ் தொட்டியிலேயே வையுங்கள். மெத்தில்செல்லுலோஸ் தூளை நேரே குளிர்ந்த நீரில் கொட்டினால் கட்டி தட்டும்; முதலில் வெந்நீரில் பரப்பிக் கலக்கி, பிறகு குளிரவிட்டுக் கரைக்க வேண்டும்.

சோதனைக்குக் காய்ச்சி வடித்த நீர் மட்டும் போதாது. சாதாரண உப்பே இவ்விரண்டின் மாறுநிலையையும் கீழே இறக்கிவிடும்; ஆகவே கிணற்று நீரின் உப்பளவில் ஒரு கரைசலைத் தயாரித்து அதிலும் சோதியுங்கள். 100 டிகிரியைத் தாண்டும் அளவீடுகளுக்கு அழுத்தம் தாங்கும் கலமுள்ள பாகுமானி (திரவம் எவ்வளவு கெட்டியாக ஓடுகிறது என்று அளக்கும் கருவி) தேவை. மூடிய கண்ணாடிக் குடுவையைச் சூடாக்குவது ஆபத்து.

குவார் ஜெல்லுக்கு, வரைபடத்தில் குறித்த வேகத்திலேயே சூட்டை ஏற்றி, பாகுநிலையைத் தொடர்ந்து பதியுங்கள். வேலை முடிந்ததும் ஜெல்லை உடைத்து இளக்கச் சேர்க்கும் உடைப்பானான அம்மோனியம் பெர்சல்பேட் 50 டிகிரிக்குக் கீழே மந்தமாகவும், அதிக சூட்டில் மிக விரைவாகவும் செயல்படுவதால், சூடான கிணற்றுக்கு மேற்பூச்சிட்ட துகளையே எடுங்கள். கடைசியாக, இளகிய ஜெல்லை அறைவெப்பத்துக்கு ஆறவிட்டு மீண்டும் அளந்துபாருங்கள்: பாகுநிலை திரும்பினால், சூட்டில் கண்டது தற்காலிக இளக்கம், பிசின் சங்கிலி இன்னும் உடையவில்லை, உடைப்பானின் அளவை மாற்றி மறுபடி தொடங்க வேண்டும்.