வீட்டில் தமிழ், பரீட்சையில் ஆங்கிலம்: தில்லியில் கற்பிக்க வருவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒவ்வொரு ஏப்ரலிலும் ஆர்.கே. புரம், ஜனக்புரி, மயூர் விஹார் பக்கம் தமிழ்ப் பிள்ளைகளுக்கு டியூஷனில் ஆங்கிலம் சொல்லித்தரப் புதிதாகச் சிலர் வருகிறார்கள். நன்றாகப் படித்தவர்கள், ஆர்வத்துக்கும் குறைவில்லை. ஜூலைக்குள் முக்கால்வாசிப் பேர் ஒரே பள்ளத்தில் விழுந்து கிடப்பார்கள். பழைய ஆட்கள் எல்லோரும் விழுந்து எழுந்த பள்ளம்தான் அது. ஸ்பெல்லிங், கையெழுத்து, வீட்டுப்பாடம் திருத்தாமல் விடுவது இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்த குறைகள், அவற்றை விட்டுவிடலாம். இங்கே சொல்வது சி.பி.எஸ்.இ. ஒன்பது, பத்தாம் வகுப்புகளை மனதில் வைத்து.

கதையைத் தமிழில் சொல்லிப் பாடத்தை ‘முடிப்பது’

பத்தாம் வகுப்பு ஆங்கிலப் புத்தகத்தில் வல்லிக்கண்ணனின் கதை ஒன்று இருக்கிறது: ‘மேடம் ரைட்ஸ் த பஸ்’. எட்டு வயது வள்ளி, போக வர 60 பைசா சேர்த்துவைத்து, யாருக்கும் சொல்லாமல் டவுன் வரை பஸ்ஸில் போய்த் திரும்பும் கதை. தமிழில் எழுதப்பட்டு ஆங்கிலத்துக்குப் போனது. ஆசிரியர் என்ன செய்கிறார்? ஒரு வரி ஆங்கிலத்தில் வாசிக்கிறார், உடனே தமிழில் பொருள் சொல்கிறார், அடுத்த வரிக்குப் போகிறார். மொழிபெயர்ப்பாளர் பாடுபட்டு அக்கரை சேர்த்ததை அதே தோணியில் திருப்பி ஏற்றி அனுப்புகிற வேலை இது. நாற்பது நிமிடத்தில் கதை முடிந்துவிடும். பிள்ளைகள் ரசித்துக் கேட்பார்கள், ஆசிரியருக்கும் மனம் நிறையும். ஏமாற்றம் அங்கேதான் தொடங்குகிறது.

அதே பிள்ளையிடம் கதையைத் தமிழில் கேளுங்கள். பஸ்ஸுக்கு முன்னால் வாலைத் தூக்கிக்கொண்டு மாடு ஓடியது, வள்ளி கண்ணில் நீர் வரச் சிரித்தது, திரும்பும் வழியில் அதே மாடு செத்துக் கிடந்தது என்று ஒன்று விடாமல் சொல்லும். திரும்பி வரும்போது அவள் ஏன் ஜன்னலுக்கு வெளியே பார்க்கவில்லை என்று ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால், ‘கௌ டெட், ஸோ ஷீ சேட்’ என்பதோடு பேனா நின்றுவிடும். செத்த மாட்டின் நினைவு அவளைத் துரத்தியதைச் சொல்லும் ‘ஹாண்டட்’, உற்சாகம் வடிந்ததைச் சொல்லும் ‘டாம்பனிங்’ இரண்டும் புத்தகத்திலேயே இருக்கின்றன. பிள்ளையின் கண் அந்த வரிமேல் ஊன்றிப் படவே இல்லை. காதுதான் வேலை செய்தது, அதுவும் தமிழில்.

இதன் விலை உடனே தெரியாது என்பதுதான் எரிச்சல். எட்டாம் வகுப்பு வரை நோட்ஸில் இருக்கும் கேள்வியே பரீட்சையிலும் வந்துகொண்டிருக்கும், மார்க்கும் வரும். போர்டு தேர்வில் 80 மதிப்பெண்ணில் 20 முன்பின் பார்க்காத பத்திகளுக்கு. அதில் ஒன்று 400 முதல் 450 வார்த்தை நீளம். பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் சொல்ல ஆள் கிடையாது. இலக்கியத்துக்கான 40 மதிப்பெண்ணிலும் 10 பாடப் பகுதியைக் கொடுத்துக் கேட்கும் கேள்விகள். அங்கே ‘இந்தச் சொல் இங்கே எதைக் குறிக்கிறது’ என்றுதான் கேட்பார்கள். கதை தெரிந்திருப்பது அரைக் கிணறு தாண்டிய கதைதான்.

பள்ளியில் இதே தவறு இந்தியில் நடக்கும். அப்பாவுக்கு மாற்றலாகிப் போன வருடம்தான் திருச்சியிலிருந்து வந்த குழந்தைக்கு ஆங்கிலமும் புரியாது, அதற்குச் சொல்லும் இந்திப் பொருளும் புரியாது. அதைப் பார்த்துப் பரிதாபப்பட்டு டியூஷனில் நாம் தமிழில் ஊட்டுகிறோம்.

தமிழே கூடாது என்று கதவைச் சாத்துவதும் மடத்தனம். தமிழ் பிள்ளையின் வாயிலிருந்து வரட்டும், ஆசிரியர் வாயிலிருந்து குறையட்டும். நாற்பது நிமிடத்தை இப்படிப் பிரிக்கலாம்:

முதல் 4 நிமிடம்: ஒன்றரைப் பக்கப் பகுதியை எடுத்துக்கொண்டு, தெரியாவிட்டால் கதையே நின்றுபோகும் ஐந்தாறு சொற்களை மட்டும் போர்டில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு தமிழ்ச் சொல் போதும். இருபது சொல் எழுதினால் ஒன்றும் நிற்காது.

அடுத்த 8 நிமிடம் மௌன வாசிப்பு. இந்த எட்டு நிமிடம் வாயைத் திறக்காமல் இருப்பதுதான் புது ஆசிரியருக்கு மிகக் கடினமான வேலை.

பிறகு 15 நிமிடம், மூன்று கேள்விகள். ஒன்று தகவல்: டிக்கெட் எவ்வளவு? ஒன்று இடம்: மாடு கதையில் எந்த இரண்டு இடங்களில் வருகிறது? ஒன்று காரணம்: சிரித்தவள் ஏன் ஒடுங்கிப்போனாள்? மூன்றாவதற்குத் தமிழில் பதில் சொல்ல விடுங்கள். சொன்னதும், ‘புத்தகத்தில் எந்த வரி அதைச் சொல்கிறது? விரலை வை’ என்று கேளுங்கள். விரல் சரியான வரியில் போய் நிற்கும்வரை அடுத்த கேள்விக்குப் போகாதீர்கள். பாடம் நடப்பது அந்தத் தேடலில்தான்.

கடைசி 13 நிமிடம்: அந்த வரியிலிருந்து இரண்டு சொற்களை எடுத்து, மூன்று வாக்கியம் சொந்தமாக எழுதச் சொல்லுங்கள்.

‘இப்படிப் போனால் போர்ஷன் முடியாது’ என்பார்கள். முதல் மூன்று பாடங்களுக்கு நேரம் இழுக்கும், உண்மைதான். அதன்பின் பிள்ளைகள் தாமாகவே படிக்கத் தொடங்குவதால் வேகம் கூடும். துணைப்பாடக் கதைகளை ஐந்து கேள்வி கொடுத்து வீட்டிலேயே படிக்கவிடலாம்.

பதில்களை டிக்டேட் செய்வது

மேலே சொன்ன நோய்தான், இன்னொரு உருவில்.

தமிழ் இலக்கணம் எங்கே குறுக்கிடுகிறது என்று பார்க்காமல் டென்ஸ் அட்டவணையை ஒப்பிக்க வைப்பது

அட்டவணையில் தப்பில்லை. பிள்ளை சறுக்கும் இடம் வேறு. ‘அப்பா நாளைக்கு வரேன்னு சொன்னார்’ என்கிறோம். ‘வரேன்’ என்பது தன்மை, சொன்னவர் அப்பா. தமிழில் ‘என்று’ வந்தால் சொன்னவர் பேச்சு அப்படியே நிற்கலாம். அதனால்தான் ‘ஃபாதர் செட் தட் ஐ வில் கம் டுமாரோ’ என்று எழுதுகிறது பிள்ளை. ஆசிரியரோ ‘டுமாரோ’வை ‘த நெக்ஸ்ட் டே’ ஆக்கும் பட்டியலை முதலில் நடத்துகிறார். வரிசையை மாற்றுங்கள்: முதலில் ஆள், அப்புறம் வினை, கடைசியில் காலச்சொல். ‘இந்த ஐ யார்?’ என்ற ஒரே கேள்வியில் பாதிப் பிழை தீரும்.

‘அவன் எங்கே போறான்னு தெரியலை’ என்பதும் இதே குடும்பம். உள்ளே இருக்கும் கேள்வி தமிழில் உருமாறாது. அதனால் ‘வேர் ஹீ இஸ் கோயிங்’ என்று வர வேண்டிய இடத்தில் ‘ஐ டோன்ட் நோ வேர் இஸ் ஹீ கோயிங்’ வருகிறது.

இன்னொன்று. ‘வந்திருக்கிறான்’ என்றால் ‘ஹேஸ் கம்’ என்று எழுதிப்போட்டு நகர்ந்துவிடுவது. காலையில் நனைந்த தரையைப் பார்த்துவிட்டு ‘நேத்து ராத்திரி மழை பெய்திருக்கு’ என்கிறோம். தமிழில் அது ஊகத்தைச் சொல்லும் வடிவமும்கூட, ‘நேற்று’ அதனோடு உரசாது. ஆங்கிலத்தில் ‘லாஸ்ட் நைட்’ வந்தால் ‘ஹேஸ் ரெயின்ட்’ நிற்காது, ‘ரெயின்ட்’ மட்டும்தான். இதைச் சொல்லாமல் நூறு பயிற்சி கொடுத்தாலும் நூற்றியோராவதில் பிழை வரும்.

கவிதைக்குக் கைடு வாங்குவது

ராபர்ட் ஃப்ராஸ்டின் ‘டஸ்ட் ஆஃப் ஸ்னோ’ எட்டே வரி, முழுவதும் ஒரே வாக்கியம். காகம் மரத்தை அசைக்க, பனித்தூள் மேலே விழ, நாளின் ஒரு பகுதி வீணாகாமல் மீள்கிறது. அந்த ஹெம்லாக் மரம் நஞ்சு, சாக்ரடீஸ் குடித்தது, ஆகவே சோகத்தின் குறியீடு என்று கைடுகளில் எழுதியிருப்பார்கள். நஞ்சுள்ள ஹெம்லாக் ஒரு செடி. கவிதையில் இருப்பது ஊசியிலை மரம். பெயர்தான் ஒன்று. குறியீடு தேடுவதற்கு முன் வாக்கியத்தின் எழுவாய் எது, பயனிலை எது என்று கேளுங்கள். எழுவாய் காகம்கூட இல்லை, காகம் பனியை உதறிய ‘விதம்’. அதைக் கண்டுபிடித்த பிள்ளைக்குக் கவிதையில் பாதி கைக்கு வந்துவிடும்.

எல்லாப் பிழைக்கும் சிவப்பு மை

ஒரு கட்டுரைக்கு இரண்டு வகைப் பிழை மட்டும். மற்றவை அடுத்த வாரம்.

கடிதத்தின் வடிவத்துக்கு இரண்டு வாரம்

முகவரி எங்கே, தேதி எங்கே என்பது ஒரு வகுப்பு வேலை. கடிதம் 100 முதல் 120 வார்த்தை, 5 மதிப்பெண். அதில் வடிவத்துக்குப் போவது சிறு பங்குதான். மீதி நேரத்தை நடுப்பத்திக்குக் கொடுங்கள்: என்ன நடந்தது, எப்போது, என்ன செய்ய வேண்டும். ‘கைண்ட்லி டூ த நீட்ஃபுல்’ என்று முடிக்கும் பிள்ளையிடம், எந்த ‘நீட்ஃபுல்’ என்று கேட்டுப் பாருங்கள். தெருவிளக்கைச் சரிசெய்ய வேண்டுமா, குப்பையை அள்ள வேண்டுமா என்பதே கடிதத்தில் இருக்காது.