சாலையை அகலப்படுத்தும் முன்: புறநகர் ரயில் கேட்பவர்கள் செய்யும் தவறுகள்

நெடுஞ்சாலையை அகலப்படுத்தப் போகிறார்கள் என்று தெரிந்ததும் பேனர் தயாராகிவிடும்: "சாலை வேண்டாம், ரயில் வேண்டும்." தினமும் ஒன்றரை மணி நேரம் நெரிசலில் நிற்பவர் காதில் அதன் முதல் பாதி மட்டுமே விழும். கைக்கு வர இருந்ததைத் தட்டிப் பறிக்க வந்தவர்கள் என்று நம்மை நினைப்பார். வாசகத்தின் வரிசையை மாற்றி ரயிலை முதலில் சொன்னாலே பாதிச் சண்டை குறையும்.

அதைவிடப் பெரிய தவறு, "ரயில் வந்தால் நெரிசல் தீர்ந்துவிடும்" என்று வாக்குக் கொடுப்பது. தீராது. அமெரிக்காவின் ஹூஸ்டனில் கேட்டி நெடுஞ்சாலையை 2008-இல் விரிவாக்கி முடித்தார்கள். பக்கச் சாலைகளையும் சேர்த்தால் சில இடங்களில் 26 தடங்கள். சில ஆண்டுகளிலேயே உச்ச நேரப் பயணம் மறுபடியும் மெதுவாகிவிட்டது. இடம் கிடைத்ததும் வேறு நேரத்தில் போனவர்களும், வேறு வழியில் போனவர்களும், தொலைவில் வீடு வாங்கியவர்களும் அங்கே வந்து சேர்ந்தார்கள். நாம் மேடைதோறும் சொல்லும் உதாரணம் இது. ஆனால் ரயிலுக்கு மாறியவர்கள் விட்டுச்சென்ற இடமும் இதேபோல நிரம்பும் என்பதை வசதியாக மறந்துவிடுகிறோம். எதிர்த்தரப்பு மறக்காது. நெரிசலில் சிக்காமல் போக இன்னொரு வழி கிடைக்கும் என்பதுதான் நேர்மையான வாக்குறுதி.

கணக்கிலும் கவனம் தேவை. ஒரு தடத்தில் மணிக்குச் சுமார் 2,000 வாகனங்கள் போகலாம். பெரும்பாலான கார்களில் ஒருவர்தான் இருப்பார். 1,000 பேர் ஏறும் ரயில் 15 நிமிடத்துக்கு ஒன்று வந்தால் மணிக்கு 4,000 பேர். இது கொள்ளளவுதான். உண்மையில் எத்தனை பேர் ஏறுவார்கள் என்று அதிகாரி கேட்டால் அதற்குத் தனியாகப் பதில் வேண்டும்.

பதில் கால அட்டவணையில் இருக்கிறது. கருத்துக் கேட்புக் கூட்டத்தில் ஒரு செவிலியர் எழுந்து, "என் வேலை இரவு பத்தரைக்கு முடியும். கடைசி ரயில் எத்தனை மணிக்கு?" என்று கேட்பார். மேடையில் இருப்பவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தால் கதை முடிந்தது. காலையில் நான்கு, மாலையில் நான்கு ரயில் மட்டும் கேட்பவர்கள் அலுவலக நேரக்காரர்களுக்காக மட்டும் கேட்கிறார்கள். நிலையம்வரை நடக்க நடைபாதை இருக்கிறதா, இணைப்பு பஸ் வருமா என்பதும் இதோடு சேர்ந்த கேள்விதான். பஸ் பயணிகளையும், விரிவாக்கத்தில் வீடு இழப்பவர்களையும் முதல் கூட்டத்துக்கே அழைக்காத குழுக்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும்.

சாலைப் பணத்தை அப்படியே ரயிலுக்கு மாற்றிவிடலாம் என்று நினைப்பதும் பிழை. அமெரிக்காவின் பாஸ்டனில் மக்கள் எதிர்ப்புக்குப் பிறகு மாநில ஆளுநர் பிரான்சிஸ் சார்ஜண்ட் 1970-இல் நெடுஞ்சாலைத் திட்டங்களை நிறுத்திவைத்தார். 1972-இல் தென்மேற்கு விரைவுச்சாலையைக் கைவிட்டார். ஆனால் அந்த நிதி சாலைக்கென்றே ஒதுக்கப்பட்டது. 1973-இல் மத்திய சட்டம் மாறிய பிறகே அதைப் பொதுப் போக்குவரத்துக்குத் திருப்ப முடிந்தது. சாலைக்காக வீடுகளை இடித்துப் போட்டிருந்த நிலத்தில் 1987-இல் ஆரஞ்சு லைன் என்ற நகர ரயில் ஓடத் தொடங்கியது. உங்கள் மனு எந்தத் துறைக்குப் போகிறது, அந்தத் துறைக்கு ரயிலுக்குச் செலவிடும் அதிகாரம் உண்டா என்பதை முதலில் பாருங்கள். தண்டவாளம் போட ஒருமுறை ஆகும் செலவு ஒன்று, ஆண்டுதோறும் ரயிலை ஓட்டும் செலவு வேறு.

ஒரே வாசகத்தில் ஆயிரம் பேர் கையெழுத்திட்ட மனுவைப் பல இடங்களில் ஒரே கருத்தாகத்தான் எண்ணுவார்கள். குறிப்பான கேள்வி ஒன்று அதைவிட வேலை செய்யும். உதாரணம்: "சாலையை விரித்தாலும் விரிக்காவிட்டாலும் குடியிருப்புகள் ஒரே மாதிரி வளரும் என்று வைத்துத்தான் போக்குவரத்தைக் கணித்தீர்களா?" இதைக் கெடுவுக்குள் எழுத்தில் கொடுங்கள். ஒப்பந்தப்புள்ளி கோரிய பிறகு கேட்டால் பயனில்லை.

பழைய தண்டவாள நிலத்தைக் கவனிக்காமல் விடுவது இன்னொன்று. கேட்டி சாலையை ஒட்டி ஒரு ரயில் பாதை இருந்தது. அதன் நிலத்தை வாங்கித்தான் சாலையை அகலமாக்கினார்கள். உங்கள் பகுதியில் அப்படி ஒரு பாதை இருந்தால், நிலம் இன்று யார் பெயரில் இருக்கிறது என்று பதிவேட்டைப் பார்த்துவிட்டுப் பேனர் அடியுங்கள்.